செக்ரெட்டரியின் ரிப்போர்ட்

அப்துல் கஃபார் பாயின் சமையற்கூடத்துக்குள் யார் நுழைந்தாலும் முதலில் கை கழுவ வேண்டும். வாசலிலேயே குழாய், குழாயடியில் சிவப்பு சோப்பு, அதற்கு மேலே அவரே எழுதி ஒட்டிய அட்டை: "சோப்பு போட்டு இருபது எண்ணவும்." மனசுக்குள் எண்ணினால் செல்லாது, வாய்விட்டு எண்ண வேண்டும். கறி கொண்டுவருகிறவர் எண்ணியிருக்கிறார், சிலிண்டர் போடுகிறவர் எண்ணியிருக்கிறார். வீட்டு வரி விஷயமாக வந்த ஓர் அதிகாரி, மணம் இழுத்து உள்ளே எட்டிப் பார்க்க ஆசைப்பட்டு, பதினேழில் கணக்கை விட்டுவிட்டார். அவரையும் பாய் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வைத்தார்.

வண்டலூரிலிருந்து குரோம்பேட்டை வரைக்கும் அவருக்கு இருந்த பெயரே கையால் வந்த பெயர்தான். "கஃபார் பாய் கை பட்டாத்தான் பிரியாணி" என்பார்கள். அடுப்புக்கு சேட்டு என்று ஓர் உதவியாள் இருந்தான். இருபது வருஷமாக அவரோடு நின்று தலை நரைத்தவன். மசாலா அரைப்பது, அரிசி களைவது, பக்குவம் பார்த்து ஊறவைப்பது எல்லாம் மனைவி ஜஹீரா. ஆனால் தேக்சா என்கிற பெரிய அண்டாவில் அரிசி கொதிக்கும்போது ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் நசுக்கிப் பார்ப்பதும், உப்பை வாரித் தூவுவதும், தம் போடுவதும் அவர் கை மட்டுமே. ஜஹீரா பக்கத்தில் வந்தால், "அனல் அடிக்கும், தள்ளி நில்லு" என்பார். முப்பது வருஷமாக அந்த அனல் ஜஹீராவை மட்டும் குறிவைத்து அடித்துக்கொண்டிருந்தது.

அவர் வாழ்ந்த செண்பகம் அவென்யூ, வண்டலூர்க் காட்டை ஒட்டிய நான்கு தெரு. காட்டிலிருந்து குரங்குகள் வரும். டிக்கெட் வாங்கிக்கொண்டு போய் நாம் பார்க்கிற ரகம் அல்ல, நம்மை இலவசமாகப் பார்த்துவிட்டுப் போக வருகிற ரகம். கஃபார் பாய்தான் குடியிருப்போர் சங்கத்துக்கு செக்ரெட்டரி. பதவியேற்றதும் அவர் செய்த முதல் காரியம், தெருமுனையில் பலகை வைத்தது. "குரங்குகளுக்கு உணவளிக்காதீர். மீறினால் நடவடிக்கை எடுக்கப்படும். இப்படிக்கு, செக்ரெட்டரி." மனுஷன் பலகைக்கு இரண்டு கோட் பெயின்ட் அடித்திருந்தார்.

இந்த இடத்தில் ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். அதே மனுஷன் தினமும் விடியலில் பஜ்ர் தொழுகை முடித்துவிட்டு, கைலி பனியனோடு, மடியில் இரண்டு பூவன் பழத்தை மறைத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போவார். அங்கே ஒரு காது கிழிந்த தடித்த கடுவன் குரங்கு காத்திருக்கும். "வா மாப்ளே" என்பார். ஒரு பழத்தை உரித்து நீட்டுவார். அது அவர் விரலைப் பிடித்துக்கொண்டு நிதானமாக வாங்கித் தின்னும். இன்னொன்றை அதே கையால் உரித்து இவர் தின்பார். சோப்பு இல்லை, எண்ணிக்கை இல்லை. சமையற்கூடம் ஒரு நாடு, மொட்டை மாடி வேறு நாடு, சட்டம் எல்லை தாண்டாது என்று அவருக்கு நினைப்பு.

மகள் ஃபாயிசா படித்த படிப்புக்கும் இந்தக் குரங்குகளுக்கும் சம்பந்தம் இருந்தது. காட்டுக் குரங்குகளின் குடலில் என்னென்ன ஒட்டுண்ணி, என்னென்ன பாக்டீரியா இருக்கிறது, அவற்றில் மனுஷருக்கு எது தொற்றும் என்பதுதான் அவள் ஆராய்ச்சி. கையுறை மாட்டிக்கொண்டு காலையில் கிளம்பி, குரங்குகள் விட்டுப்போனதைச் சின்னச் சின்னக் குப்பிகளில் சேகரித்துக் கல்லூரிக்கு எடுத்துப்போவாள். "பொண்ணு என்ன பண்றா பாய்?" என்று யாராவது கேட்டால், "டாக்டருக்குப் படிக்குது" என்று சொல்லிவிட்டு உடனே மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை லாசரஸ் சார் மகள் ஏஞ்சலுக்கு அஸ்தினாபுரத்தில் கல்யாண வரவேற்பு. ஆறு தேக்சா பிரியாணி. லாசரஸ் அதே காலனிக்காரர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், பேச்சில் பாதியை விழுங்கிவிடுகிற மென்மையான மனிதர். மண்டபத்தில் புதிதாக ஒரு விதி போட்டிருந்தார்கள். சமையல் மாஸ்டர் மருத்துவப் பரிசோதனைச் சான்றிதழ் கொடுத்தால்தான் அடுப்பு மூட்ட விடுவார்கள். ரத்தம், சிறுநீர், அப்புறம் அது. வண்டலூரிலேயே லேப் இருந்தும், அந்தச் சின்ன டப்பாவோடு தெரிந்தவர் கண்ணில் படக்கூடாது என்று திங்கட்கிழமை கஃபார் பாய் சேலையூர் வரைக்கும் ஸ்கூட்டரில் போனார். கேம்ப் ரோடு சிக்னலில் நின்றபோது சட்டைப் பையைக் கையால் மூடிக்கொண்டார். வியாழக்கிழமை ரிப்போர்ட் என்றார்கள்.

புதன்கிழமை காலை தாம்பரம் மார்க்கெட்டில் புதினாக் கட்டைப் புரட்டிக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. காலனி வாட்ஸ்அப் குழு. சங்கத் தலைவர் கேசவன் ஒரு படம் போட்டிருந்தார். கட்டம் கட்டிய பட்டியல். முதல் வரியில் "செக்ரெட்டரி" என்று இருந்தது. அதற்கு நேரே, "மல மாதிரி: ஜியார்டியா ஒட்டுண்ணி காணப்படுகிறது. ஷிகெல்லா பாக்டீரியா இல்லை." இரண்டாவது வரியில், "டீச்சரம்மா: சாட்டைப்புழு முட்டைகள் காணப்படுகின்றன."

கஃபார் பாய்க்குப் புதினாவும் கொத்தமல்லியும் ஒன்றாகத் தெரிந்தன. வயிற்றில் ஏதோ நெளிவது போலவே இருந்தது. அவமானத்துக்கு நடுவிலும், மூன்றாம் தெரு கனகவல்லி டீச்சரை நினைத்து ஒரு கணம் பரிதாபப்பட்டார். சர்க்கரை வேறு இருக்கிற பெண்மணி. பிறகு கோபம் தலைக்கேறியது. மார்க்கெட் என்றும் பார்க்காமல் போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக் குரல் செய்தி பதிந்தார்.

"எல்லாருக்கும் வணக்கம். செக்ரெட்டரி பேசறேன். திங்கக்கெழமை நான் சேலையூர் லேபுல குடுத்துட்டு வந்தது எனக்கும் அல்லாவுக்கும் அந்த லேப்காரனுக்கும் மட்டும் தெரிஞ்ச விஷயம். அத குரூப்ல போட்டது யாரு? என் வயித்துல என்ன ஓடுதுன்னு நூத்தி நாப்பது பேருக்கு எதுக்குத் தெரியணும்? டீச்சரம்மா பேரையும் போட்டு வெச்சிருக்கீங்க. அவங்க மனசு என்ன பாடுபடும். இதுக்கு ஜெனரல் பாடியில எனக்கு பதில் வேணும்."

அனுப்பினார். இரண்டு நீலக் கோடு விழுந்தது. நாள் தவறாமல் காலை வணக்கத்துக்கு ரோஜாப்பூ அனுப்புகிற நான்காம் தெருக்காரர்கூட அன்றைக்கு அனுப்பவில்லை.

ஐந்து நிமிஷத்தில் ஃபாயிசா கூப்பிட்டாள். "அத்தா, மொதல்ல அந்த வாய்ஸ் மெசேஜ டிலீட் பண்ணுங்க."

"எதுக்கும்மா? மானம் போனப்புறம் எத டிலீட் பண்றது?"

"அது உங்க ரிப்போர்ட் இல்ல அத்தா. குரங்கு ரிப்போர்ட்."

"செக்ரெட்டரின்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு."

"ஆமா. அந்தக் குரங்கு பேருதான் செக்ரெட்டரி."

கஃபார் பாய் புதினாக்காரியைப் பார்த்தார். புதினாக்காரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். "நான்தானம்மா செக்ரெட்டரி" என்றார், ஏதோ அடையாள அட்டை காட்டுவது போல.

விஷயம் அப்புறம்தான் முழுசாக வெளியே வந்தது. வனத்துறைக்கு மனு எழுத, குரங்குகளைப் பற்றி ஒரு குறிப்பு வேண்டும் என்று கேசவன் ஃபாயிசாவிடம் கேட்டிருந்தார். அவள் இரண்டு பக்கம் அனுப்பினாள். தலைப்பும் விளக்கமும் முதல் பக்கத்தில். அந்தப் பக்கம் திறக்க நேரமாகிறதே என்று கேசவன் இரண்டாம் பக்கத்தை மட்டும் முதலில் போட்டுவிட்டார். குரங்குகளுக்குக் காலனிக்காரர்கள் வைத்த பெயரையே ஃபாயிசா பட்டியலில் எழுதியிருந்தாள். குட்டிகளைச் சேர்த்துக்கொண்டு உட்காருகிற பெண் குரங்கு டீச்சரம்மா. கனகவல்லி டீச்சருக்கு அது தெரியும், அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு. காது கிழிந்த கடுவன் செக்ரெட்டரி. இரண்டு வருஷமாகக் காலனி முழுக்க அந்தப் பெயர் புழங்குகிறது. தெரியாதவர் ஒரே ஒருவர்தான்.

"ஏன் என் பேரு?" என்று அன்று மத்தியானம் சாப்பாட்டில் கை வைக்காமல் கேட்டார்.

ஃபாயிசா தயங்கினாள். ஜஹீரா தயங்கவில்லை. "எல்லா வூட்டு மாடிக்கும் போய் டேங்க் மூடியத் தூக்கிப் பாக்குது. மத்த குரங்குங்கள வெரட்டிட்டு அது மட்டும் திங்குது" என்றாள். ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னாள்.

கேசவன் பழைய ரயில்வே அதிகாரி. மன்னிப்பையும் ஆபீஸ் பாஷையில்தான் கேட்பார். "மேற்கண்ட பட்டியலில் உள்ள செக்ரெட்டரிக்கும் நமது மதிப்புக்குரிய செக்ரெட்டரி அவர்களுக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை எனத் தெரிவித்துக்கொள்கிறேன்" என்று குழுவில் போட்டார். அதுவரை விஷயம் புரியாதிருந்த பத்துப் பேருக்கும் அப்போது புரிந்தது. பாய் அந்தக் குரல் செய்தியை நீக்கப் பார்த்துத் தன் போனிலிருந்து மட்டும் நீக்கிக்கொண்டார். மற்ற நூற்று முப்பத்தொன்பது போனிலும் அது பத்திரமாக இருந்தது.

சாயங்காலம் லாசரஸ் சார் பேசினார். "பாய், தப்பா நெனச்சுக்காதீங்க. அந்த லேப் விஷயம்... சம்பந்தி வீட்டுக்காரங்க இந்தப் பக்கம்தான்... யாரோ அவங்களுக்கும் அனுப்பிட்டாங்க..."

"சார், அது கொரங்கோட ரிப்போர்ட். என்னோடது நாளைக்கு வருது. அத நானே கொண்டாந்து உங்க கையில குடுக்கறேன். இந்தக் கைய பத்தி நீங்க கவலைப்படவே வேணாம்."

போனை வைத்ததும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். கழுவிக் கழுவி ரேகை தேய்ந்த கை. அதற்கு ஒரு சான்றிதழ் வருகிறது என்பதில் உள்ளூர ஒரு சந்தோஷம்கூட.

வியாழக்கிழமை சேலையூர் லேபில் கவரைப் பிரித்தார். ரத்தம் சரி. சிறுநீர் சரி. மூன்றாவது தாளில், நேற்றுப் பார்த்துப் பழகிய அதே வார்த்தை இருந்தது. ஜியார்டியா. காணப்படுகிறது.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்த பெண், "பயப்பட ஒண்ணும் இல்ல சார். மாத்திரை சாப்பிட்டா போயிடும்" என்றாள்.

"ஞாயித்துக்கெழமைக்குள்ள போயிடுமா?"

"ரெண்டு வாரம் கழிச்சுத் திரும்ப டெஸ்ட் பண்ணிப் பாக்கணும் சார். அதுவரைக்கும் நீங்க சமைக்காம இருந்தா நல்லது." முகவரிக்கு நேரே தொழில் எழுதியிருந்ததை அவள் படித்துவிட்டாள்.

கேம்ப் ரோட்டில் பஸ்ஸும் ஸ்கூட்டரும் போய்க்கொண்டிருந்தன. தன் வண்டி மேல் உட்கார்ந்து, ஓட்டாமல், இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெட்கமாக இருந்தது. ஆறு தேக்சா போனால் போகட்டும். ஆனால் இது வெளியே தெரிந்தால், இனி இந்தக் கையால் எவர் வீட்டிலும் உப்பு அள்ள முடியாதே.

சமையற்கூடத்துக்கு வந்ததும் சேட்டு கேட்டான். "இன்னா பாய், மூஞ்சி ஒரு மாரி கீது?"

சேட்டுவிடம் மறைத்துப் பழக்கம் இல்லை. தாளைக் காட்டினார். சேட்டு அதைத் தலைகீழாகப் பிடித்து ரொம்ப நேரம் படித்தான். "இதுக்கா இம்மாம் பேஜார் பட்டுகினு கீறே? வேற லேப்புக்குப் போ. என்னுத எட்த்துனு போய் உன் பேர்ல குட்த்துடு. எவன் வந்து பாக்கப்போறான்?"

கஃபார் பாய் உடனே வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஒரு டீ குடிக்கிற நேரம் யோசித்தார், வெட்கம் கெட்டு யோசித்தார். தாம்பரத்தில் எந்த லேப், யார் போவது என்பது வரைக்கும் யோசனை ஓடிவிட்டது.

சேட்டு பீடியை அணைத்துவிட்டு, வெங்காயம் உரிக்க உள்ளே போக வேண்டி, வாசல் குழாயடியில் நின்றான். சோப்பு போட்டான். "ஒண்ணு, ரெண்டு, மூணு..." இப்போதுதான் ஊரை ஏமாற்ற வழி சொன்ன மனுஷன், யாரும் அதட்டாமல், ஒரு எண்ணையும் விழுங்காமல் எண்ணினான். இருபது வந்ததும் கையை உதறிவிட்டு உள்ளே போனான். அட்டையில் இருந்தது தன் கையெழுத்து. கஃபார் பாய் தாளை மடித்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

வீட்டில் ஃபாயிசா தாளைப் படித்தாள். கோபப்படவில்லை, அதுதான் அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. "அத்தா, குரங்குக்கு ஏதாச்சும் குடுக்கறீங்களா?"

"பலகை வெச்சதே நான்தானேம்மா."

அவள் லேப்டாப்பைத் திருப்பினாள். குரங்குகளைப் படம் பிடிக்க அவள் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு தானியங்கிக் கேமரா கட்டியிருந்தாள். திரையில் ஒரு படம். பனியன், கைலி, நீட்டிய கையில் பழம். வாய் திறந்திருந்தது. "என் குறிப்புல இவருக்கு 'மனிதர் ஒன்று'ன்னு பேரு. பதினோரு மாசமா வர்றாரு" என்றாள். பிறகு, "அதுகிட்ட என்ன பேசறீங்க அத்தா?" என்று கேட்டாள்.

"காலனி விஷயம்தான்" என்றார் மெதுவாக. "வேற யாரு கேக்கறா."

"இத்தனை நாள் நான் சொல்லியிருக்கணும். படிப்புக்குன்னு பாத்துட்டே இருந்துட்டேன்" என்றாள் ஃபாயிசா. அவள் குரலும் இறங்கிவிட்டது.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் நேரே லாசரஸ் சார் வீட்டுக்குப் போனார். சொன்ன வாக்குப்படி ரிப்போர்ட்டை அவர் கையில் கொடுத்தார். "படிங்க சார். அந்தக் கொரங்குக்கு இருக்கறது எனக்கும் இருக்கு. நான்தான் அதுக்கு பழம் குடுத்தேன். வெறுங்கையில. ஞாயித்துக்கெழமை நான் தேக்சாவத் தொட மாட்டேன்."

லாசரஸ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்தச் சான்றிதழ நான் சும்மா ஒரு சம்பிரதாயம்னு நெனச்சேன் பாய்..." என்றார். பிறகு முதல் முறையாக ஒரு வாக்கியத்தை முடித்தார். "ரெண்டு நாள்ல நான் யாரத் தேடுவேன்?"

"ஜஹீரா நிப்பா" என்றார் கஃபார் பாய். சொன்ன பிறகுதான், ஜஹீராவைக் கேட்கவில்லையே என்று நினைவு வந்தது.

வீட்டுக்கு வந்து தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். ஜஹீரா அரைத்துக்கொண்டிருந்த மிக்ஸியை நிறுத்தினாள். "இதக் கேக்கறதுக்கு உங்களுக்கு முப்பது வருஷமும் ஒரு கொரங்கும் தேவப்பட்டுதா?" என்றாள். அன்றைக்கே புர்கா மாட்டிக்கொண்டு லேபுக்குக் கிளம்பினாள். வண்டலூர் லேபுக்குத்தான் போனாள், வழியில் இரண்டு பேரிடம் எதற்குப் போகிறேன் என்றும் சொன்னாள். அவசரம் என்று கேட்டதால் சனிக்கிழமையே அவளுக்கும், கூடப் போன சேட்டுவுக்கும் சுத்தமான சான்றிதழ் வந்தது.

அன்றிரவு குழுவில் ஒரு செய்தி வந்தது. "செக்ரெட்டரிக்கு உணவளித்து வந்தது செக்ரெட்டரிதான். மன்னிக்கவும். இப்படிக்கு, செக்ரெட்டரி." இந்த முறை அவர் நீக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அஸ்தினாபுரம் மண்டபத்துப் பின்கட்டில், அடுப்பிலிருந்து இருபதடி தள்ளி ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போடப்பட்டது. அதில் கஃபார் பாய் இரண்டு கையையும் அக்குளில் செருகிக்கொண்டு உட்கார்ந்தார். "ஜஹீரா, உப்பு" என்றார். அவள் காதில் விழவில்லை. "அரிசியப் பாரு, வெந்துடப்போவுது" என்றார். அவள் ஒரு பிடி அரிசியை உள்ளங்கையில் வைத்து நசுக்கினாள். அவர் எப்படி நசுக்குவாரோ அப்படி இல்லை. இரண்டு விரலால், பூப்போல. தம் உடைத்தபோது எழுந்த மணத்தில் அவருக்கு இருபதடி தள்ளியே கண் கலங்கிவிட்டது. வெங்காயம் என்று சொல்லிக்கொள்ள பக்கத்தில் வெங்காயம்கூட இல்லை.

கேசவன் இரண்டாம் பந்தியில் சாப்பிட்டுவிட்டு, ஏப்பத்தோடு பின்கட்டுக்கே வந்தார். குழுவில் வருவதையெல்லாம் அனுப்புவாரே தவிர எதையும் படிப்பதில்லை. "பாய், இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு பிரியாணி சாப்பிட்டதில்லை. உங்கள் கைக்குத் தங்கக் காப்பு போட வேண்டும்."

வாய்வரைக்கும் நன்றி வந்துவிட்டது. சிரித்துத் தலையாட்டியிருந்தால் போதும். கஃபார் பாய் ஜஹீராவைப் பார்த்தார். வியர்வையும் சாம்பலுமாக, கரண்டியை ஊன்றிக்கொண்டு, அவர் என்ன சொல்லப்போகிறார் என்று அவளும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என் கை இல்ல சார்" என்றார். அக்குளிலிருந்து கையை எடுத்துக் காட்டினார். "இது இன்னிக்கு எதையும் தொடல. அது ஜஹீரா கை."

இரண்டு வாரம் கழித்து எடுத்த பரிசோதனையில் அவர் வயிறு சுத்தம் என்று வந்தது. அதை அவர் சட்டம் போட்டு மாட்டினார். மாத்திரை ஆரம்பிக்கும் முன் ஃபாயிசா அவரிடமும் ஒரு குப்பி வாங்கிப் போயிருந்தாள், அவள் கல்லூரியிலிருந்து இன்னொரு முடிவும் வந்தது. அவரிடம் இருந்த ஜியார்டியாவும் குரங்கிடம் இருந்ததும் ஒரே வகை.

"பாத்தியா, அதுகிட்டேருந்துதான் எனக்கு வந்திருக்கு" என்றார்.

"அப்படிச் சொல்ல முடியாது அத்தா. மனுஷங்ககிட்டேருந்து குரங்குக்குப் போறதும் உண்டு. மொதல்ல யாரு யாருக்குக் குடுத்தீங்கன்னு உங்க ரெண்டு பேருக்குத்தான் தெரியும்."

இந்தக் கோணம் அவர் யோசித்தே பார்க்காதது. அன்று முழுக்க அவருக்கு மனசு சரியில்லை.

மறுநாள் காலை கனகவல்லி டீச்சர் போன் செய்தார். பேத்திக்கு நிச்சயதார்த்தம், இரண்டு தேக்சா. "நானே நின்னு பண்றேன் டீச்சர், சர்ட்டிபிகேட் வந்தாச்சு" என்று குரலை உயர்த்தினார் பாய். "அது சந்தோஷம் பாய். ஆனா, ஜஹீரா நின்னாங்கன்னா..." லாசரஸ் சாரின் வியாதி டீச்சருக்கும் தொற்றியிருந்தது.

போனை வைத்துவிட்டு சமையற்கூடத்துக்குள் காலெடுத்து வைத்தார். "எங்க போறீங்க?" என்று உள்ளேயிருந்து ஜஹீரா கேட்டாள். அரிசி களைந்த ஈரக் கையால் வாசல் குழாயைக் காட்டினாள். குழாயடிக்குத் திரும்பினார். சோப்பு போட்டார். வாய்விட்டு எண்ண ஆரம்பித்தார்.

பதினாறு, பதினேழு என்று வரும்போது எதிர்ச் சுவரில் காது கிழிந்த கடுவன் வந்து உட்கார்ந்தது. அவர் கையையே பார்த்தது. வெறும் நுரையைத் தவிர அதில் ஒன்றும் இல்லை. "மன்னிச்சுக்க மாப்ளே" என்றார் மெதுவாக. எதற்கு மன்னிப்பு, பழம் கொடுக்காததற்கா கொடுத்ததற்கா என்று அவருக்கே தெரியவில்லை.

"எத்தன ஆச்சு?" என்றாள் ஜஹீரா உள்ளேயிருந்து.

கணக்கு விட்டுப்போயிருந்தது. அவர் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தார்.